சுவரைப் பார்த்த சேம்பு

ஊரில் துப்பறிவாளர் என்று பலகை மாட்டியிருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். பலகையில் இருந்த பெயரை யாரும் படிப்பதில்லை. உள்ளே இருந்த பெண்மணியை ஊர் முழுக்க "அண்ணி" என்றே அழைத்தது. அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவன் அவளுடைய கணவனின் தம்பி, உதவியாளனும் அவன்தான். அவனுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்தார்கள். உருவத்தைப் பார்த்து வைத்த பெயரல்ல, வாயைக் கேட்டு வைத்தது.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து அண்ணி கை துடைத்துக்கொண்டிருந்தபோது தையல்காரம்மா உள்ளே வந்தாள். தோளெல்லாம் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. வந்தவள் உட்காரவில்லை.

"அண்ணி, என் தோட்டத்தைக் காணோம்."

"நல்லாத் தேடினீங்களா? கட்டிலுக்கு அடியில பார்த்தீங்களா?" என்றான் குண்டூசி.

"ஊசி, வாயை மூடு" என்றாள் அண்ணி. "நீங்க உக்காருங்க. தோட்டத்தைக் காணோம்னா, செடியா, நிலமா?"

"செடிதான். பள்ளம் அப்படியே இருக்கு. அதுல ஒரு செடி கூட இல்ல. இன்னைக்குச் சாயந்தரம் நகராட்சியிலேர்ந்து பார்க்க வர்றாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

விஷயம் இதுதான். வாசலில் போட்ட சிமெண்டை உடைத்து, பள்ளம் தோண்டி, ஜல்லியும் மணலும் கொட்டி, மேலே ஈரம் தாங்கும் செடிகளை நட்டுவிட்டால் மழைத் தண்ணீர் தெருவில் ஓடாமல் அங்கேயே இறங்கிவிடும். அதற்கு மழைத் தோட்டம் என்று பெயர். அப்படிச் செய்கிற வீட்டுக்காரர்களுக்கு நகராட்சி செலவில் பெரும்பங்கை உதவித்தொகையாகக் கொடுத்தது. பாதி, தோண்டும்போது. மறுபாதி, அதிகாரி வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு. சரியில்லை என்று சொல்லிவிட்டால் வாங்கிய பாதியும் திரும்பப் போக வேண்டும்.

மற்றவர்களுக்கு எப்படியோ, தையல்காரம்மாவுக்கு இது வாசல் அழகுக்காகச் செய்த வேலையல்ல. அந்தத் தெரு ஒரு சரிவு. அவள் வீடு சரிவின் கடைசியில். மேலே பெய்கிற மழையெல்லாம் கீழே வந்து அவளுடைய தையல் அறைக்குள் புகுந்து, மிஷினுக்கு அடியில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். போன மழையில் ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடைத் துணி முழுவதும் நனைந்து, நீலச் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது. மறுபாதிப் பணம் வந்தால்தான் கூரைக் குழாயைப் பள்ளத்தோடு இணைக்கலாம், அறையின் வாசற்படியை உயர்த்தலாம்.

"இது கிடைக்கலைன்னா இந்த மழைக்கு முன்னாடி கடையை மூடிட வேண்டியதுதான், அண்ணி" என்றாள்.

அண்ணி குடையை எடுத்துக்கொண்டாள். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. ஆனால் அண்ணி குடை இல்லாமல் விசாரணைக்குப் போனதில்லை. எதையாவது கிளறிப் பார்க்க அது உதவும்.

*

தையல்காரம்மாவின் வாசலில், வீட்டுச் சுவரை ஒட்டி, படகு வடிவத்தில் பள்ளம் வெட்டப்பட்டிருந்தது. செடிகள் இருந்த இடங்களில் வட்ட வட்டமாகக் குழிகள். ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு சாக்குத் துண்டு கிடந்தது. அண்ணி ஒன்றைக் குடை நுனியால் தூக்கினாள். சாக்கு ஈரமாக இருந்தது. குழியும் ஈரமாக இருந்தது. எடுத்த மண் பக்கத்திலேயே, ஒரு பழைய லைனிங் துணியின் மேல், சிந்தாமல் குவித்து வைக்கப்பட்டிருந்தது.

"ரொம்ப மரியாதையான திருடன்" என்றான் குண்டூசி. "போகும்போது கதவைக் கூடச் சாத்திட்டுப் போயிருப்பான்."

"ஆமா, கொக்கி போட்டிருந்துச்சு" என்றாள் தையல்காரம்மா.

"என்னென்ன செடி?"

"சேம்பு, கல்வாழை. சேம்புதான் அழகு, அண்ணி. வெளிச்சம் தெருப்பக்கத்திலேர்ந்து வருதா, இலையெல்லாம் தெருவைப் பார்த்தே சாஞ்சு நிக்கும். போறவங்க வர்றவங்களை விசாரிக்கிற மாதிரி இருக்கும்."

"வீட்டுல வேற யாரு?"

"நானும் அவரும்தான். பாவம், அவரு விஷயம் தெரிஞ்சதும் தள்ளுவண்டியை எடுத்துக்கிட்டுத் தேடக் கிளம்பிட்டாரு. இன்னும் சாப்பிடக் கூட வரலை."

"தேடுறதுக்கு எதுக்குத் தள்ளுவண்டி?" என்று கேட்டாள் அண்ணி.

"கிடைச்சா கொண்டு வரணுமில்ல?"

"நம்பிக்கை உள்ள மனுஷன்" என்றான் குண்டூசி.

அண்ணி சாக்கைக் குழியின் மேலேயே திரும்பப் போட்டாள். கைக்குட்டையால் குடை நுனியைத் துடைத்தாள். அவள் எதையாவது நிதானமாகத் துடைக்கிறாள் என்றால் மனதில் ஒரு முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம்; அதைக் கேட்டால் சொல்லமாட்டாள் என்பதும் குண்டூசிக்குத் தெரியும்.

"சேம்பைத் திருடி யாரும் விக்க முடியாது. வாய்க்கால் ஓரமெல்லாம் கிடக்கு" என்றாள். "அதனால, விக்கிறதுக்காக எடுக்கலை. இன்னைக்கு ஒரு நாள், வளர்ந்த செடி யாருக்கு வேணும்?"

"இன்னைக்கு அதிகாரி யாரு வீட்டுக்கெல்லாம் வர்றாங்களோ, அவங்களுக்கு" என்றான் குண்டூசி.

"இந்த வரிசையில எந்தெந்த வீடு?"

"மேல் முனையில பேண்டு மாஸ்டர், அப்புறம் பேக்கரி வீடு, அப்புறம் பல் டாக்டர், கடைசியா நாங்க" என்றாள் தையல்காரம்மா.

"நீங்க இங்கேயே இருங்க. யாராவது செடியோட வந்தா விடாதீங்க."

*

பேண்டு மாஸ்டர் வீட்டை அவர்கள் எட்டியபோது அதிகாரி அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தாள். இளம் பெண், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வாசலில் நின்று, உள்ளே திரும்பி ஒரு முறை பார்த்தாள். உதட்டோரம் ஏதோ ஒரு சிரிப்பு. பிறகு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கனத்த உடம்பு, இரண்டு கன்னத்திலும் இரண்டு பந்து. அவருக்குப் பின்னால், தெருவை மறைத்து நின்ற ஆள் உயரக் காம்பவுண்டுச் சுவரின் ஓரமாக, கல்வாழையும் சேம்பும் செழிப்பாக நின்றன.

"பிரமாதமான தோட்டம், மாஸ்டர். எப்ப நட்டது?" என்றாள் அண்ணி.

"அது ஆச்சு, மூணு மாசம்."

"மூணு மாசமா சுவரையேவா பார்த்துக்கிட்டு நிக்குது?"

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு சேம்பு இலையும் வெயில் அடிக்கிற முற்றத்துப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, காம்பவுண்டுச் சுவரை நோக்கிச் சாய்ந்திருந்தது.

"கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி" என்றான் குண்டூசி.

"செடி வெளிச்சத்தைத் தேடும், மாஸ்டர். இங்க வெளிச்சம் இந்தப் பக்கம். ஆனா இது வளர்ந்த வீட்டுல வெளிச்சம் தெருப்பக்கம். தெருவைப் பார்த்து வளர்ந்துடுச்சு. அதே பக்கம் பார்த்து நட்டுட்டீங்க. நடுவுல ஒரு சுவர் இருக்கிறது அதுக்கு எப்படித் தெரியும்?"

மாஸ்டர் கன்னத்தில் காற்றை நிரப்பி, மெதுவாக விட்டார்.

"அப்படியில்லைம்மா. இதுங்க இசைக்கு வளர்ற செடி. நான் தினம் அந்தச் சுவரோரமா நின்னுதான் டிரம்பெட் வாசிப்பேன்."

"உங்க வாசிப்பைக் கேட்டிருந்தா எதிர்ப்பக்கமில்ல சாஞ்சிருக்கணும்?" என்றான் குண்டூசி.

"வாசிக்கவா? கேட்டுட்டுச் சொல்லு. உள்ள வாங்க, உள்ள வாங்க!"

மறுப்பதற்குள் இருவரையும் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு டிரம்பெட்டை எடுத்தார் மாஸ்டர். அடுத்து நடந்ததை இசை என்று சொல்வதற்கு ஒரு பெரிய மனசு வேண்டும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுவரிலிருந்த கடிகாரம் ஒருமுறை தப்பாக அடித்தது. ஒரு கட்டத்தில் மாஸ்டர் மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில் வெளியே எங்கேயோ 'கிறீச்... கிறீச்...' என்றது. மாஸ்டர் அவசரமாக மறுபடி ஊதினார்.

"நடுவுல ஒரு சக்கரச் சத்தம் கேட்டுச்சே?" என்றாள் அண்ணி, எழுந்துகொண்டே.

"அது... அது தாளம்மா."

வெளியே வந்து பார்த்தால், காம்பவுண்டுச் சுவரோரம் வெறும் மண். கல்வாழையும் இல்லை, சேம்பும் இல்லை. பின்சந்துக்குப் போகிற கதவு மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"ஐயோ, என் செடி!" என்றார் மாஸ்டர். அவருக்கு வாசிக்கவும் வரவில்லை, நடிக்கவும் வரவில்லை.

அண்ணி குனிந்து மண்ணில் குடையைக் குத்தினாள். ஒரு சாண் கூட இறங்கவில்லை. 'டக்' என்றது. கீழே பழைய சிமெண்ட், உடைபடாமல், பத்திரமாக.

"பள்ளம் தோண்டக் கொடுத்த பாதி என்ன ஆச்சு, மாஸ்டர்?"

மாஸ்டர் கையிலிருந்த டிரம்பெட்டைப் பார்த்தார். அது புத்தம் புதியதாகப் பளபளத்தது. அண்ணியும் பார்த்தாள். 

*

பேக்கரி வீட்டில் அதிகாரி கூடத்துக்குள் உட்கார்ந்திருந்தாள். பேக்கரிக்காரர் ஒரு தட்டு தீர்வதற்குள் இன்னொரு தட்டு பிஸ்கட் கொண்டு வந்து நீட்டிக்கொண்டிருந்தார். வாசலில், மண்ணில் முட்டிபோட்டபடி, கடைசிக் கல்வாழையை அழுத்திக்கொண்டிருந்தாள் பேக்கரியம்மா. மூச்சு வாங்கியது.

"செடிக்கு வயசு என்ன இருக்கும்மா?" என்றான் குண்டூசி பணிவாக.

"ரெண்டு மாசம் இருக்கும்."

"உங்க வேர்வைக்கு?"

பேக்கரியம்மா நிமிர்ந்து பார்த்தாள். அண்ணியைக் கண்டதும் மண் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சத்தம் போடாதீங்க, அண்ணி. அந்தப் பொண்ணு உள்ளேதான் இருக்கா. சத்தியமா நாங்க திருடலை. இரவல்தான் வாங்கினோம். பார்த்துட்டுப் போனதும் திருப்பிக் கொடுத்துடுவோம்."

"சர்க்கரை இரவல் வாங்குவாங்க, குடை இரவல் வாங்குவாங்க. தோட்டத்தை இரவல் வாங்கின தெரு இதுதான்" என்றான் குண்டூசி.

"யாருகிட்ட வாங்கினீங்க?" என்றாள் அண்ணி.

"அதை மட்டும் கேக்காதீங்க. வெளிய சொல்லமாட்டோம்னு வாக்குக் கொடுத்திருக்கோம். பாவம், ரொம்ப நல்ல மனுஷன். யாரு என்ன கேட்டாலும் அவரு வாயில இல்லைங்கிற வார்த்தையே வராது. வீட்டுல தெரிஞ்சா அவருக்கு சோறு கிடைக்காது."

"ஏற்கெனவே மதியச் சாப்பாடு கிடைக்கலை" என்றாள் அண்ணி. "ஊசி, வா. பின்சந்துல போய் உக்காரலாம்."

*

பின்சந்து, ஒரு வண்டி போகிற அகலம். அண்ணி கவிழ்த்துக் கிடந்த ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தாள். குண்டூசி சுவரில் சாய்ந்து நின்றான். பல் டாக்டர் வீட்டுப் பின்கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அதன் இடுக்கில் கையுறை போட்ட ஒரு கை தெரிந்தது.

சற்று நேரத்தில் 'கிறீச்... கிறீச்...' என்று சத்தம் வந்தது. பேக்கரி வீட்டுப் பின்பக்கத்திலிருந்து ஒரு தள்ளுவண்டி வெளிப்பட்டது. மேலே பூப்போட்ட போர்வை. போர்வைக்கு வெளியே ஒரு சேம்பு இலை எட்டிப் பார்த்தது. வண்டியைத் தள்ளியவர் தலையில் துண்டு கட்டியிருந்தார். வழியை மறித்துக்கொண்டு இருவர் இருப்பதை, அவர்கள் மேல் மோதுகிற தூரத்துக்கு வந்த பிறகுதான் கவனித்தார்.

"வணக்கம்" என்றாள் அண்ணி. "தேடினது கிடைச்சுதா?"

வண்டிக்காரர் துண்டை அவிழ்த்தார். தையல்காரம்மாவின் வீட்டுக்காரர்.

"கிடைச்சுதுங்க" என்றார் மெதுவாக.

பல் டாக்டர் பின்கதவைத் திறந்துகொண்டு தலையை நீட்டினார். "என்ன லேட்டு? பேஷண்டைச் சீக்கிரம் உள்ள கொண்டு வாங்க!" என்றவர், அண்ணியைப் பார்த்ததும் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்ற ஆரம்பித்தார்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு உண்மையாகவே ஆர்வம்.

"குழி மேல ஈரச் சாக்கு. திருப்பி நடப் போறவன்தான் குழியைக் காயாம வைப்பான். மண்ணு கொட்டியிருந்தது லைனிங் துணி மேல. அது உங்க வீட்டு அலமாரியில இருந்துதான் வந்திருக்கும். அப்புறம், ஒருத்தர் தள்ளுவண்டியோட தேடக் கிளம்பியிருக்காரு."

"வண்டியை நான் ஒளிச்சு எடுத்துட்டுப் போயிருக்கணும்."

"எண்ணெய் விட்டிருந்தா கூடப் போதும்" என்றான் குண்டூசி.

"அது என் வண்டிச் சத்தமாச்சே!" என்று ஒரு குரல் கேட்டது. சந்தின் முனையில் தையல்காரம்மா நின்றாள். வண்டியைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். அது அவளுடைய நல்ல போர்வை. கடைசியாகத்தான் கணவனைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"கோவப்படாம கேளும்மா. முதல்ல மாஸ்டர் வந்து கேட்டாரு. சரின்னுட்டேன். அவருக்குக் கொடுத்துட்டு பேக்கரிக்கு எப்படி இல்லைங்கிறது? டாக்டர் கேட்டப்ப அவரு கை என் கடவாய்ப் பல்லுல இருந்துச்சு. வாயைத் திறந்துக்கிட்டு இருக்கிறவன் எப்படி மறுத்துப் பேசுவான்?"

"தலையை ஆட்டியிருக்கலாமில்ல?"

"ஆட்டாதீங்கன்னு சொன்னாரு."

டாக்டர் வேறு எங்கோ பார்த்தார்.

"நம்ம வீட்டுக்கு வர்றப்ப என்ன பண்றதா இருந்தீங்க?"

"நாமதானே கடைசி. டாக்டர் வீடு முடிஞ்சதும் கொண்டு வந்து நட்டுடலாம்னு..."

அவர் முடிக்கவில்லை. தெருவின் கீழ் முனையிலிருந்து ஒரு லாரியின் ஹாரன் நீளமாக ஒலித்தது. அதைத் தொடர்ந்து முன்பக்கத் தெருவில் அதிகாரியின் குரல்: "மேல் முனையில லாரி திரும்பாதா? சரி, அப்ப கீழ் வீட்டுலேர்ந்தே ஆரம்பிச்சிடலாம். அங்கேயே நிறுத்துங்க, நான் வர்றேன்!"

"எதுக்கு லாரி?" என்றார் டாக்டர்.

"யாருக்குத் தெரியும்?" என்றான் குண்டூசி. "ஆனா கடைசி வீடு முதல் வீடாயிடுச்சு."

தையல்காரம்மா ஓடினாள். வண்டியும் ஓடியது. அது ஒரு கல்லில் ஏறி ஒரு பக்கம் சாய, கல்வாழையெல்லாம் சந்தில் சரிந்தது.

*

அண்ணியும் குண்டூசியும் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி ஏற்கெனவே பள்ளத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு தண்ணீர் லாரி. தையல்காரம்மா தையல் அறையின் வாசற்படியில் மூச்சிரைக்க நின்றாள். பள்ளத்தில் ஈரச் சாக்குகள் மட்டும் இருந்தன.

"செடி எங்கம்மா?" என்றாள் அதிகாரி.

"காத்து வாங்கப் போயிருக்குன்னு சொல்லுங்க" என்று குண்டூசி தையல்காரம்மாவின் காதருகே கிசுகிசுத்தான். "இல்ல, வேர் கழுவக் கொடுத்திருக்கோம்னு..."

தையல்காரம்மா அவனைக் கையால் தள்ளினாள்.

"செடி இருக்கு, மேடம். வண்டியில வந்துக்கிட்டு இருக்கு. காலையிலேர்ந்து தெருவைச் சுத்திட்டு வருது. அது எங்க செடிதான். ஆனா நீங்க வர்ற நேரத்துல இங்க இல்ல. அது எங்க தப்பு."

"தெரியும்" என்றாள் அதிகாரி. "மேல் வீட்டுல ஒரு சேம்பு இலையில நத்தை ஒண்ணு உக்காந்திருந்துச்சு. பேக்கரி வீட்டுக்குப் போனா, அங்கேயும் அதே நத்தை. நத்தை இவ்வளவு வேகமா ஓடி நான் பார்த்ததே இல்ல."

மாஸ்டரும் பேக்கரித் தம்பதியும் டாக்டரும் தெருவில் வந்து நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கை நிறையச் செடிகளோடு வீட்டுக்காரர்.

"செடி இல்லாத தோட்டத்துக்கு நான் சரின்னு சொல்ல முடியாது" என்றாள் அதிகாரி. "தண்ணி இறங்காத தோட்டத்துக்கும் சொல்ல முடியாது. முன்னாடி செடியை மட்டும்தான் பார்த்தோம். இந்தத் தடவையிலேர்ந்து தண்ணியும் விட்டுப் பார்க்கிறோம். லாரிக்காரரே, விடுங்க."

லாரிக்காரர் குழாயைப் பள்ளத்தில் வைத்துத் திறந்தார்.

தண்ணீர் இரைந்து விழுந்தது. சாக்குகள் மிதந்தன. பள்ளம் பாதி நிறைந்தது, முக்கால் நிறைந்தது, விளிம்பைத் தொட்டது. லாரிக்காரர் குழாயை மூடினார். தண்ணீர் அசையாமல் நின்றது, தையல் அறையின் வாசற்படிக்கு ஒரு கை தூரத்தில். உள்ளே, தைத்து முடித்த சட்டைகள் மேஜைமேல் அடுக்கியிருந்தன. தையல்காரம்மா காலை நகர்த்திப் படியின் நடுவில் நின்றுகொண்டாள், தன் பாதத்தாலேயே அணை போடுகிறவள் போல.

குண்டூசி பள்ளத்தின் விளிம்பில் முட்டிபோட்டுக் குனிந்தான்.

நடுவில் ஒரு குமிழி வந்தது. பிறகு இன்னொன்று. மிதந்த சாக்குத் துண்டு ஒன்று மெல்லச் சுற்றத் தொடங்கியது. விளிம்பில் ஈரக்கோடு ஒன்றை விட்டுவிட்டுத் தண்ணீர் கீழே இறங்கியது. அடியில் கிடந்த ஜல்லி 'களக், களக்' என்று குடித்தது. அதிகாரி ஒரு பிஸ்கட்டைப் பையிலிருந்து எடுத்துத் தின்று முடிப்பதற்குள் பள்ளத்தில் சேறு கூட மிச்சமில்லை.

"யாரு தோண்டினது?" என்றாள்.

"அவருதான்" என்றாள் தையல்காரம்மா. குரலில் கோபம் இன்னும் இருந்தது. ஆனால் கொஞ்சம் இடம் விட்டிருந்தது.

"செடியை நடச் சொல்லுங்க. என் கண்ணு முன்னாடி. நட்டதும் உங்க மறுபாதிக்கு எழுதிடறேன்."

வீட்டுக்காரர் ஒவ்வொரு செடியாக அதனதன் குழியில் இறக்கினார். எந்தச் செடி எந்தக் குழி என்று அவர் ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

*

அடுத்து லாரி பல் டாக்டர் வீட்டு வாசலுக்கு நகர்ந்தது. அங்கே நடந்தது சுருக்கமானது. தண்ணீர் விழுந்தது, பரப்பி வைத்திருந்த மண் கரைந்தது, கீழே வெள்ளைச் சிமெண்ட், துலக்கின பல் மாதிரிப் பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

"மேல ரெண்டு வீட்டுலயும் இதே கதைதானே?" என்றாள் அதிகாரி. மாஸ்டரும் பேக்கரிக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மூணு வீட்டையும் நீக்கிடறேன். வாங்கின பாதியைத் திருப்பிக் கட்டிடுங்க."

"நல்லா வேணும்" என்றான் குண்டூசி.

அண்ணி அவர்களைப் பார்க்கவில்லை. தெருவில் ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரம்மாவும் அதைத்தான் பார்த்தாள். அது சரிவில் இறங்கி, வளைந்து, வேறு வழியே தெரியாததுபோல நேராக அவள் வீட்டுக் கேட்டுக்குள் நுழைந்தது.

"மேடம்" என்றாள் தையல்காரம்மா. "நீக்காதீங்க."

"ஏன்? உங்க செடியை வச்சு என்னையே ஏமாத்தப் பார்த்தாங்க."

"ஏமாத்தினாங்கதான். ஆனா நீக்கிட்டா இவங்க இந்தச் சிமெண்டை இந்த ஜென்மத்துல உடைக்கமாட்டாங்க. இதோ, தண்ணி எங்க போகுது பாருங்க. ஒரு லாரித் தண்ணியை என் பள்ளம் குடிச்சிடுச்சு. தெருத் தண்ணி முழுக்க அது ஒண்ணே குடிக்குமா? நீங்க கொடுக்கிற படியும் குழாயும் வச்சுக்கிட்டு நான் மறுபடி நனையணுமா?"

அதிகாரி பூட்ஸ் முனையால் அந்த ஓடையை ஒருமுறை மறித்துப் பார்த்தாள். தண்ணீர் பூட்ஸைச் சுற்றிக்கொண்டு அதே கேட்டுக்குள் போனது.

"சரி" என்றாள். "மழைக்கு முன்னாடி இன்னொரு தடவை வருவேன். அன்னைக்கு நான் செடியைப் பார்க்கமாட்டேன். எனக்கு முன்னாடி லாரி வரும்."

லாரியின் பின்னாலேயே அவளும் போனாள். பிறகு பேக்கரிக்காரர் எங்கிருந்தோ ஒரு கடப்பாறையைக் கொண்டு வந்தார். மூன்று வீட்டுக்கும் அது ஒன்றுதான் இருந்தது. முதலில் யார் என்று மூன்று பேரும் மரியாதையாக விட்டுக்கொடுத்துக்கொண்டார்கள்.

"டாக்டர் வீடுதான் ஏற்கெனவே நனைஞ்சிருக்கு" என்றாள் அண்ணி. "மரமரப்பு போறதுக்குள்ள பிடுங்கிடுங்க, டாக்டர்."

டாக்டர் கடப்பாறையை வாங்கிக்கொண்டு தன் வாசலில் நின்றார். மருத்துவமனையில் எந்தப் பல்லில் கைவைப்பது என்று தெரிந்தவருக்கு, இங்கே எங்கே குத்துவது என்று தெரியவில்லை.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?"

தையல்காரம்மா இடுப்பில் செருகியிருந்த சுண்ணக்கட்டியை எடுத்தாள். குனிந்து, ஈரம் படாத சிமெண்டில், சட்டைக்குக் கழுத்து வரைகிற மாதிரி ஒரே இழுப்பில் ஒரு பெரிய வளைவு போட்டாள்.

"இந்தக் கோட்டு மேலேயே வெட்டுங்க."

"இவ்வளவு பெரிசா?" டாக்டர் தயங்கினார். "கொஞ்சம் சின்னதா வச்சுக்கலாமே?"

"கழுத்து சின்னதா வெட்டினா தலை நுழையாது, டாக்டர்."

கடப்பாறை முதல் தடவை சிமெண்டில் இறங்கியது. ஒரு சில்லு தெறித்தது. மாஸ்டர் மெல்லக் கிட்டே வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்கும் கோடு போட்டுக் கொடுத்துடறியாம்மா?"

தையல்காரம்மா அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை அளந்து பார்த்தாள்.

"உங்களுக்குத் தாராளமாத்தான் போடணும்" என்று சொல்லிவிட்டு, சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டியபடி சரிவில் மேலே ஏறத் தொடங்கினாள்.